அடையாளம் சொல்லிப் பெற்றுக்கொள்ளவும்

ஆவாரங்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குள் பஸ் வர ஒரு வழி, போக ஒரு வழி, ஆடு வர ஏழு வழி என்று சொல்வார்கள். பத்தாவதாக ஒரு வழியும் இருந்திருக்க வேண்டும், அது எங்கே இருக்கிறதென்று இன்றுவரை யாருக்கும் தெரியாது, ஆனால் அதன் வழியாகத்தான் அந்த நாய் வந்திருக்கும். ஏனென்றால் ஆடி மாதத்துக் கடைசிச் செவ்வாய்க்கிழமை காலையில், நாசரேத் வண்டி புறப்பட்டுப் போய் சாத்தான்குளம் வண்டி இன்னும் வந்து சேராத அந்த ஏழு நிமிடத்தில், மூன்றாவது பிளாட்பாரத்தில் அது உட்கார்ந்திருந்ததை எல்லோரும் பார்த்தார்கள், அது வந்ததை ஒருவர்கூடப் பார்க்கவில்லை.

பழுப்பு நாய். முன்னங்கால்களில் இடதுகால் மட்டும் சுண்ணாம்பில் முக்கி எடுத்ததுபோல வெள்ளை. வலது காது கடுதாசியை மடித்ததுபோல மடிந்திருக்கும். வால் நுனி மையில் தொட்ட மாதிரி கறுப்பு. ஒரு ஆளின் முழங்கால் உயரம்தான் இருந்தது அன்றைக்கு. இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

அப்போது மைக் ரூமில் இருந்தவள் தங்கபுஷ்பம். ஒரு ஆள் உட்காரலாம், இரண்டு ஆள் நிற்கலாம், மூன்றாவது ஆள் எட்டிப் பார்க்கலாம் என்கிற அளவுள்ள அந்த அறையில் இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்து, எந்த வண்டி எங்கே போகிறது, எந்த வண்டி போகாது, யார் எதைத் தொலைத்தார் என்பதை ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு அலமாரி உண்டு. குடைகளும் தூக்குவாளிகளும் ஒரு செட் பல்லும், கல்யாணத்துக்கு எடுத்த பட்டுச்சேலையும், ஒருமுறை கம்பிக்கூடைக்குள் ஒரு சேவலும்கூட அந்த அலமாரியில் இருந்து தங்கள் உரியவர்களுக்காகக் காத்திருந்திருக்கின்றன. வந்தவற்றில் ஒரு சீப்பைக்கூட அவள் தன் வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை. அதுதான் அவளுடைய நகை, அதுதான் அவளுடைய சொத்து. ஐம்பத்தொரு வயதில் தனியாக இருக்கிற ஒரு பொம்பிளையைப் பற்றி ஊர் எதை வேண்டுமானாலும் சொல்லும், இவளைப் பற்றி மட்டும், “தங்கபுஷ்பம் கையில கிடைச்சா சாமி உண்டியல்ல விழுந்த மாதிரி” என்றுதான் சொல்லும்.

அவளிடம் இரண்டு சட்டம் இருந்தன. பொருளைக் கேட்டு வருகிறவர் மூன்று அடையாளம் சொல்ல வேண்டும், இது ஒன்று. நட்டாத்தி வாத்தியார் ஒருவர் தன் கறுப்புக் குடைக்கு நிறத்தைச் சொன்னார், வளைந்த கம்பியைச் சொன்னார், மூன்றாவது அடையாளம் ஞாபகம் வராமல் ஒவ்வொரு மழைக்காலமும் வந்து ஜன்னல் வழியாகக் குடையைப் பார்த்துவிட்டு நனைந்துகொண்டே திரும்பிப் போகிறார், அவள் கொடுக்கவில்லை. ஒரே பொருளுக்கு இரண்டு பேர் வந்துவிட்டால் வெளியடையாளம் செல்லாது, உள்ளே என்ன இருக்கிறதென்று சொல்ல வேண்டும், இது இரண்டு. இப்படித்தான் ஒரு மஞ்சள் பைக்குச் சண்டை போட்ட இரண்டு சம்பந்திகளில், உள்ளே இருந்த முறுக்கு எத்தனை சுற்று என்று சொன்ன சம்பந்தி ஜெயித்தார்.

ஆகவே நாய்க்கும் அவள் மைக்கைப் போட்டாள்.

“பயணிகளின் கனிவான கவனத்திற்கு. மூன்றாவது நடைமேடையில் பழுப்பு நிற நாய் ஒன்று கண்டெடுக்கப்பட்டுள்ளது. உரியவர் அடையாளம் சொல்லிப் பெற்றுக்கொள்ளவும். மேற்படி பொருளுக்கும் அறிவிப்பாளருக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை.”

அந்தக் கடைசி வரி என்றைக்கோ இருந்த ஒரு அதிகாரி அட்டையில் எழுதி மைக்குக்கு மேலே மாட்டியது. எழுத்தெல்லாம் அழிந்து ஆணி மட்டும் மிச்சமிருந்தது. ஆனாலும் ஆணியைப் பார்த்தாலே அவளுக்கு வரி வந்துவிடும். காலை, மத்தியானம், சாயங்காலம் என்று தினம் மூன்று முறை சொன்னாள், எட்டு நாள் சொன்னாள், யாரும் வரவில்லை. நாய் மட்டும் ஒவ்வொரு அறிவிப்புக்கும் மடியாத காதைத் தூக்கி, தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று தெரிந்த பெரிய மனுஷனைப்போலக் கேட்டுக்கொண்டிருந்தது.

பஸ் ஸ்டாண்டு டீக்கடை வேலாண்டியிடம் தினமும் ஒரு பன் வாங்கி, பாதியை நாய்க்குப் போட்டு மீதியை அவள் தின்றாள்.

“என்ன மதினி, புதுப் பழக்கம்?” என்றான் வேலாண்டி.

“பழக்கமும் இல்ல, வழக்கமும் இல்ல. நாளைக்கு உரியவர் வந்து, என் நாய் ஏன் மெலிஞ்சி போச்சின்னு கேட்டா யார் பதில் சொல்லுவா, நீரா? பொருளைச் சேதாரமில்லாம ஒப்படைக்கணும்லா.”

எட்டாம் நாள் சாயங்காலம், ஆவணியில் ஒருநாளும் பெய்யாத மழை ஒன்று வழி தவறி வந்து பெய்தது. பஸ் ஸ்டாண்டுக் கூரை பதினாறு இடத்தில் ஒழுகும். பதினேழாவது இடத்தில் நாய் நின்றது, அங்கேயும் ஒழுக ஆரம்பித்தது. தங்கபுஷ்பம் கொஞ்ச நேரம் வேறு பக்கம் பார்த்தாள். பிறகு முந்தானையை நாயின் தலைமேல் போட்டு, கோயிலுக்குப் பின்னால் வரிசையாக இருக்கிற வாடகை வீடுகளில் மூன்றாவதான தன் வீட்டுக்குக் கூட்டிப் போனாள். வாசலில் பக்கத்து வீட்டுச் சந்தனமாரி பாத்திரத்தில் மழைத்தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“ஏட்டி, யாரு நாயிட்டி இது?”

“எனக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லக்கா. மழை விட்டதும் போயிரும்” என்று தங்கபுஷ்பம் சொன்னாள். சொல்லிவிட்டு உள்ளே போய்த் தன் துண்டால் அதைத் துவட்டி, கட்டிலுக்கடியில் ஒரு சாக்கை விரித்துப் போட்டாள். மழை விட்டது. நாய் போகவில்லை. அன்றைக்கு அது ஒரு விரல்கடை வளர்ந்திருந்தது. அது யாருக்கும் தெரியாது, நாய்க்கு மட்டும் தெரியும். கட்டிலுக்கடியில் எழுந்து நின்றபோது அதற்குத் தலை இடித்தது.

முதலில் கண்டுபிடித்தவர் டெய்லர் மைதீன் பிச்சை. பஸ் ஸ்டாண்டு வாசலில் அவர் கடை, இஞ்சி டேப் எப்போதும் கழுத்தில். ஜாக்கெட்டுத் துணியில் மிஞ்சியதை வைத்து நாய்க்கு மஞ்சளாக ஒரு கழுத்துப்பட்டி தைத்துப் போட்டிருந்தார். மறுநாள் அது இறுகியது. பிரித்துத் தைத்தார். அதற்கு மறுநாளும் இறுகியது. முப்பது வருஷமாகப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு யூனிபார்ம் தைக்கிற அவருக்கு, வளர்கிற உடம்பு என்றால் என்ன என்று தெரியும். ஆனாலும் எந்தப் பிள்ளையும் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு அளவும் பின்னால் ஒரு அளவுமாக இருந்ததில்லை.

“எக்கா, நாய் ரெண்டு அங்குலம் ஏறியிருக்கு.”

“வளருத நாய் வளரத்தான செய்யும் பாய்.”

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஊரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டது. முதல் வாரம் முடியும்போது நாய் கன்றுக்குட்டி அளவு இருந்தது, இரண்டாம் வாரம் வில்வண்டி மாடு அளவு, அதற்கப்புறம் அளவு சொல்ல ஆவாரங்குறிச்சியில் பிராணி இல்லாததால் சாமான்களைச் சொன்னார்கள்: நேற்று மினி வேன் அளவு இருந்தது, இன்றைக்கு லைப்ரரி அளவு இருக்கிறது என்று. மைதீன் பிச்சை மூன்று டேப்பை ஒன்றாகத் தைத்து, மூங்கில் ஏணியைச் சாத்தி ஏறி அளந்தார். எதற்கு அளக்கிறீர்கள் என்று கேட்டால், “அளவெடுத்துப் பழகிட்டேன், சும்மா பாத்துக்கிட்டிருக்க முடியல” என்பார்.

இரண்டாவது வாரத்தோடு நாய் தங்கபுஷ்பத்தின் வாசலுக்குள் நுழைய முடியாமல் போயிற்று. மூக்கை மட்டும் உள்ளே விட்டுப் பார்த்தது, மூக்கே வீட்டை நிறைத்தது. அன்று முதல் அது மூன்றாவது பிளாட்பாரத்திலேயே படுத்தது; பிறகு மூன்றிலும் நாலிலும், பிறகு மூன்று நாலு ஐந்திலும் படுத்தது. அவள் பொழுது சாய்ந்ததும் தனியாக வீட்டுக்குப் போய்க் கட்டிலில் படுத்தாள். அடியில் விரித்த சாக்கை மடித்து வைக்கவில்லை.

பெரிய நாயை ஊர் எப்படி ஏற்றுக்கொண்டது என்று கேட்டால், பெரிய புளியமரத்தை எப்படி ஏற்றுக்கொள்ளுமோ அப்படி. அதன் நிழலில் பூக்காரிகள் வந்து உட்கார்ந்தார்கள். வெயிலில் சூடேறின அதன் முதுகில் வேலாண்டி பெண்டாட்டி கூழ்வற்றல் காயப்போட்டாள். பிள்ளைத்தாய்ச்சிகள் வால் பக்கம் உட்கார்ந்தால் காற்று வரும் என்று அவர்களுக்கு இடம் விட்டார்கள்; கைப்பிள்ளைக்காரிகள் வாலிலேயே தொட்டில் கட்டினார்கள், தங்கபுஷ்பத்தின் குரல் மைக்கில் வந்தால் வால் தானாக ஆடும், பிள்ளை தானாகத் தூங்கும். கண்டக்டர்கள், “நாய் எறங்கு, நாய் எறங்கு” என்று கூவினார்கள், பயணிகளும் கோபப்படாமல் இறங்கினார்கள். ஒரு கல்யாணப் பத்திரிகையில் மண்டபத்துக்கு வழி, ‘நாய்க்கு மேற்கே இரண்டாவது கட்டிடம்’ என்று அச்சடித்திருந்தது. உண்ணிகளும் நாயோடு சேர்ந்து வளர்ந்து பலாக்கொட்டை அளவாகிவிட்டதால், அடுத்த ஊர்க் காக்கைகள் சொந்தபந்தத்தோடு வந்து தங்கியிருந்து தின்றுவிட்டுப் போயின. வாரத்துக்கு ஒருமுறைதான் நாய் குரைக்கும். குரைப்பதற்கு முன்னால் தொண்டையைச் செருமும். அந்த இடைவெளியில் எல்லோரும் டீ கிளாசைக் கையில் எடுத்துக்கொள்வார்கள்.

சாப்பாடு மட்டும் மாறவில்லை. லைப்ரரி உடம்புக்கும் தினம் அரை பன்தான்.

உரியவர்கள் வந்தார்கள், ஏன் வராமல்? ஏரலில் இருந்து ஒரு அம்மா வந்து, தன் நாய் கறுப்பு என்றாள். இது பழுப்பாயிருக்கிறதே என்றதற்கு, “வெயில்ல கிடந்து வெளுத்திருக்கும் தாயி” என்றாள். ஒருவன் வந்து தன் நாய்க்குக் கால் மூன்று என்றான். நாலு கால் இருக்கிறதே என்றால், “நல்லா கவனிச்சிருக்கிய, முளைச்சிருச்சி” என்றான். இப்படி மூன்றாவது அடையாளத்துக்கு ஒருவர்கூட வந்து சேரவில்லை. தங்கபுஷ்பம் ஒவ்வொருவரையும் கைகூப்பித் திருப்பி அனுப்பிவிட்டு, அன்றைய அறிவிப்பை மறுபடி சொன்னாள்; மேற்படி பொருளுக்கும் அறிவிப்பாளருக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை.

நாய் ஏன் வளர்கிறது என்று ஒருநாள் டீக்கடையில் பேச்சு வந்தது. பொய் உரிமை கேட்டு வருகிறவர்களால்தான் என்றான் வேலாண்டி. யாருமே வராத நாளிலும் வளர்கிறதே என்றார்கள். அப்போது மைதீன் பிச்சை ஒரு விஷயம் சொன்னார்: “ஞாயித்துக்கிழமை மட்டும் வளரமாட்டேங்கு. நாலு வாரமா அளந்து பாத்துட்டேன்.”

இதைக் கேட்டு டைம் கீப்பர் ஞானதிரவியத்தின் முகம் மலர்ந்தது. பஸ் ஸ்டாண்டுக்கே அவர்தான் பொறுப்பு, ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். “அப்ப அது நம்ம ஆளுதான். ஓய்வு நாளை ஆசரிக்கி.”

“வெள்ளிக்கிழமை எப்பவும்போல வளருதே சார்” என்று வேலாண்டி மைதீன் பிச்சையைப் பார்த்தான்.

“என்னைய ஏம்வே பாக்கேரு, நானா வளக்கேன்?” என்றார் அவர்.

ஞாயிற்றுக்கிழமை தங்கபுஷ்பத்துக்கு லீவு என்பது யாருக்கும் தோன்றவில்லை. இன்னொன்றும் நடந்தது. புரட்டாசி முதல் வாரம் அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது, மூன்று நாள் குரலே இல்லை. ஞானதிரவியம்தான் மைக்கில் உட்கார்ந்து எல்லாம் சொன்னார், நாய் அறிவிப்பும் வரி பிசகாமல் சொன்னார். அந்த மூன்று நாளும் நாய் வளரவில்லை. ஞானதிரவியத்தின் குரல் அதற்குப் பிடிக்கவில்லை என்று முடிவு செய்தார்கள். ஊரில் வேறு சிலருக்கும் அந்த அபிப்பிராயம் இருந்ததால் யாரும் மேற்கொண்டு விசாரிக்கவில்லை.

அப்போது குலசேகரப்பட்டினம் தசரா வந்தது. காளி வேஷம், குறவன் வேஷம், குரங்கு வேஷம் கட்டின ஜனங்கள் ஆயிரக்கணக்கில் பஸ் ஏற வருவார்கள். முந்நூறு ஸ்பெஷல் வண்டி உள்ளே வந்து போக வேண்டும். மூன்று, நாலு, ஐந்தில் நாய் படுத்திருந்தது. ஞானதிரவியம் மைக் ரூம் ஜன்னலில் வந்து நின்றார்.

“தங்கபுஷ்பம், எனக்கும் மனசில்ல. ஆனா நாயைத் தூக்கலன்னா என்னையத் தூக்கிருவாவ. சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும் பாப்போம். உரியவர் வந்தா அவரு பாடு. வரலன்னா, கரண்டு காத்தாடி எறக்கை ஏத்திட்டுப் போவுமே நீள லாரி, அதைச் சொல்லியிருக்கு. மலையில கொண்டு விட்டுருவோம்.”

“கொண்டு விடுங்க சார். எனக்கென்ன?” என்றாள் தங்கபுஷ்பம். ஜன்னலுக்கு வெளியே நாய் ஒரு அங்குலம் எழும்பியது.

அவள் எப்போதையும்விட அதிகமாக உரியவரைத் தேடினாள். மூன்று முறை சொல்வதை ஐந்து முறை சொன்னாள். தூத்துக்குடி வண்டி கண்டக்டரிடமும் திருச்செந்தூர் வண்டி கண்டக்டரிடமும் எழுதிக் கொடுத்து அந்த ஊர் மைக்குகளிலும் சொல்லச் சொன்னாள். நல்ல உரியவராக, வீட்டில் முற்றம் உள்ளவராக, பொறுமைசாலியாக ஒருவர் வந்து மூன்று அடையாளத்தையும் சரியாகச் சொல்லிக் கேட்கவேண்டும், தான் சரியாக ஒப்படைக்கவேண்டும், இருபத்திரண்டு வருஷம் பழுதில்லாமல் இருபத்திமூன்றாக வேண்டும் என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டே பன்னைப் பிய்த்தாள். தன் பாதி அவளுக்கு இறங்கவில்லை.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு ஒருவர் வந்தார். கோட்டுப் போட்டிருந்தார், கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார், ஊர் ஊராகப் பொருட்காட்சி நடத்துகிற நவநீதன் என்று சொன்னார். நீள லாரியையும் தானே வாடகை பேசிக்கொள்வதாகச் சொன்னார்.

“என் நாய்தாம்மா. தொலைஞ்சதுல இருந்து சோறு தண்ணி இறங்கல.”

“அடையாளம் சொல்லுங்க.”

“இடது முன்னங்கால் வெள்ளை. வலது காது மடிஞ்சிருக்கும். வால் நுனி கறுப்பு.”

மூன்றும் சரி. நாய் சிறியதாக இருந்தபோது அந்த மூன்றையும் குனிந்து பார்த்தால்தான் தெரியும். இப்போதோ வெள்ளைக் கால் பெரிய தெரு முக்கிலிருந்து தெரியும், மடிந்த காது ரயில்வே கேட்டிலிருந்து தெரியும், வால் நுனி அடுத்த பஞ்சாயத்திலிருந்தே தெரியும். அது தங்கபுஷ்பத்துக்கும் தெரியும். ஆனால் மூன்று என்றால் மூன்று. சட்டத்தில் எங்கேயிருந்து பார்த்தார் என்று கேட்க இடமில்லை.

“நோட்டுல கையெழுத்துப் போடுங்க” என்றாள். குரல் சரியாகத்தான் வந்தது.

லாரி பின்னால் வந்து நின்றது. நாயின் முன்னங்கால்கள் இரண்டையும் அதில் எடுத்து வைத்தார்கள். மைதீன் பிச்சை கடைசி அளவு எடுக்கிறேன் என்று கழுத்துப்பட்டியில் ஏணியை மாட்டி ஏறினார். எதற்கு இப்போது என்று யாரும் கேட்கவில்லை. பொருளை ஒப்படைத்தால் அதையும் மைக்கில் சொல்லியாக வேண்டும். தங்கபுஷ்பம் சுவிட்சைப் போட்டாள், ஆணியைப் பார்த்தாள்.

“பயணிகளின் கனிவான கவனத்திற்கு. மேற்படி நாய் உரியவரிடம் ஒப்படைக்கப்பட்டது.”

நாய் ஒரு முழம் ஏறியது. லாரியின் முன்சக்கரங்கள் தரையை விட்டுத் தூக்கின.

“மேற்படி பொருளுக்கும்,” என்றாள், கூரைத் தகடு கிறீச்சிட்டது. “அறிவிப்பாளருக்கும்,” என்றாள், கூரை நாயின் தலையில் தொப்பியாக உட்கார்ந்தது, பதினேழு ஓட்டையும் ஒரேயடியாகப் போயிற்று. காளி வேஷம் கட்டின ஒரு ஆள், “ஆத்தா, காப்பாத்து” என்று அலறினார். பக்கத்திலிருந்த இரண்டு பேர் அவரையே கும்பிட்டார்கள். “யாதொரு,” என்று அவள் சொல்லும்போது, ஏணியோடு சேர்ந்து தந்திக்கம்பி உயரத்துக்குப் போய்விட்ட மைதீன் பிச்சையின் குரல் மேலேயிருந்து வந்தது:

“எக்கா! நிறுத்துங்க எக்கா! நீங்க பேசப் பேசத்தான் ஏறுது!”

அவள் ஜன்னல் வழியே தலையை நீட்டினாள். “நான் எப்பவும் சொல்லுததைத்தான பாய் சொல்லுதேன்?”

“அதான் எக்கா! எப்பவும் சொல்லுததைத்தான் சொல்லாதிய! ஞாயித்துக்கிழமை நீங்க இல்ல, வளரல. சார் சொன்னப்பவும் வளரல. அவரு சொன்னா அது நெசம். நீங்க சொன்னா...” என்றவர் மரியாதையான மனுஷர், அந்த உயரத்திலும் ஒரு பொம்பிளையைப் பொய் சொல்கிறாள் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார்.

பஸ் ஸ்டாண்டு அமைதியானது. முந்நூறு வண்டியில் ஒன்றுகூட ஆரன் அடிக்கவில்லை. மைக் சுவிட்ச் அணைகிற சத்தம் மட்டும் நாலு தெருவுக்குக் கேட்டது.

தங்கபுஷ்பம் வெளியே வந்தாள். சுற்றிக்கொண்டு போய், எல்லோரும் வந்து நிற்கிற அந்த ஜன்னலுக்கு முன்னால் நின்றாள். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் அந்தப் பக்கம் நின்றதில்லை. ஜன்னல் அவ்வளவு உயரம் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. உள்ளே ஆள் இல்லாமல் உரிமை கேட்க முடியாது. ஞானதிரவியம் உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்து, கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மேஜையில் வைத்து, மடியில் வைத்து, மறுபடி மேஜையில் வைத்தார்.

“என்ன பொருள் தொலைச்சிய?”

“தொலைக்கல. தொலைக்கப் பாத்தேன்.” அவள் முந்தானையை இழுத்துச் செருகினாள். “நாய்.”

“என்னது இது!” என்று நவநீதன் ஓடி வந்தார். “மூணு அடையாளமும் நான் சொல்லியாச்சு. கையெழுத்தும் போட்டாச்சு!”

“ரெண்டு பேரு வந்துட்டா வெளியடையாளம் செல்லாது” என்றார் ஞானதிரவியம். “உள்ள என்ன இருக்குன்னு சொல்லணும். ஊருக்கே தெரிஞ்ச சட்டம். நீங்க மொதல்ல சொல்லுங்க.”

நவநீதன் நாயை அண்ணாந்து பார்த்தார். வெகுநேரம் யோசித்தார். “உள்ள... குடல் இருக்கும்.”

“என்கிட்டயுந்தான் இருக்கு” என்றான் வேலாண்டி.

“நீங்க சொல்லுங்கம்மா” என்றார் ஞானதிரவியம்.

“பன்னுல அடிப்பாதிதான் தின்னும்” என்றாள் தங்கபுஷ்பம். “மேல்பாதி பளபளன்னு இருக்கும்லா, அதை மோந்து பாத்துட்டு எனக்கு வச்சிரும். அரை பன் போடுதேன், போடுதேன்னு சொல்லுதாவ. போடல. பங்கு வச்சிக்கிடுதோம்.”

நாயின் தலையிலிருந்த கூரைத் தகடு நழுவிக் கீழே விழுந்தது. லாரியின் முன்சக்கரங்கள் தரையைத் தொட்டன. மைதீன் பிச்சை இரண்டாவது மாடி உயரத்துக்கு வந்து கண்ணைத் திறந்தார்.

“ரெண்டாவது?”

“இடிக்குப் பயப்படாது, வெடிக்குப் பயப்படாது. குக்கர் விசிலுக்குப் பயப்படும். மொத நாளு எங்க வீட்டுல விசில் வந்ததும் கட்டிலுக்கடியில போய் நடுங்குச்சி. அன்னையில இருந்து நான் பானையிலதான் வடிக்கேன். இப்ப அது வீட்டுல இல்ல, இருந்தாலும் பானையிலதான் வடிக்கேன்.”

பூக்காரி ஒருத்தி மூக்கைச் சிந்தினாள். நாய் லைப்ரரியிலிருந்து மினி வேனுக்கு வந்து, மினி வேனிலிருந்து மாட்டுக்கு வந்தது. லாரியிலிருந்து ஒரு எட்டில் கீழே இறங்கிவிட்டது. மைதீன் பிச்சை ஏணியோடு தரையில் நின்றார்.

“மூணாவது?”

தங்கபுஷ்பம் உள்ளே இருந்த மைக்கைப் பார்த்தாள். “அறிவிப்பு சொல்லி முடிச்சி, மைக்கை அணைச்சதும் நான் ஒரு பெருமூச்சு விடுவேன். ஏன்னு எனக்கே தெரியாது. இத்தனை வருஷமா விடுதேன், ஒருத்தருக்கும் கேட்டதில்ல. அதுக்குக் கேக்கும். வெளிய படுத்துக்கிட்டு அதும் ஒண்ணு விடும்.”

சொல்லி முடித்துவிட்டு அவள் பெருமூச்சு விட்டாள். நாயும் விட்டது. அந்த மூச்சில் டீக்கடை அடுப்பு அணைந்தது, குறவன் வேஷத்தின் தலைப்பாகை பறந்தது, கூழ்வற்றல் எல்லாம் நாசரேத் திசையில் போயிற்று. காற்றெல்லாம் போன பலூனைப்போல இறங்கி, தூசி அடங்கியபோது முழங்கால் உயரத்தில் பழுப்பாக ஒரு நாய், ரொம்பப் பெரிதான ஒரு மஞ்சள் கழுத்துப்பட்டியின் நடுவில் நின்றுகொண்டிருந்தது.

“பேரு?” என்றார் ஞானதிரவியம், நோட்டில் எழுதிக்கொண்டே.

“என் பேரா, அது பேரா?”

“ரெண்டும்.”

“தங்கபுஷ்பம். இந்தா.”

“என்னது இந்தா?”

“அது பேரு. பேரு வச்சா சொந்தமாயிரும்னு வைக்கல. ‘ஏ இந்தா’ன்னுதான் கூப்பிடுவேன், வந்துரும்.”

பேரைக் கேட்டு நாய் கழுத்துப்பட்டியைத் தாண்டி வந்து அவள் காலருகில் உட்கார்ந்தது.

நவநீதன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். நாயைப் பார்த்தார், லாரியைப் பார்த்தார், மறுபடி நாயைப் பார்த்தார். “இதுக்கா நான் லாரி பிடிச்சேன்? எவனாவது இதைப் பாக்க டிக்கெட் எடுப்பானா? இந்தாங்கம்மா, எல்லாரும் கேட்டுக்கோங்க. இது என் நாயே இல்ல!”

எல்லோரும் நாயைப் பார்த்தார்கள். மைதீன் பிச்சை மண்டியிட்டு டேப்பை வைத்தார். ஒருமுறை வைத்தார், சந்தேகமில்லாமல் இருக்க இரண்டாம் முறையும் வைத்தார்.

“ஒரு நூல்கூட ஏறல” என்றார். “இன்னைக்கு இவரு சொன்னதுல இது ஒண்ணுதான் நெசம்.”

முந்நூறு வண்டியும் ஒன்றாக ஆரன் அடித்தன. அன்றைக்குத் தசரா வண்டிகள் எல்லாம் நேரத்துக்குப் போயின, ஏனென்றால் தங்கபுஷ்பம் உள்ளே போய் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொல்லி அனுப்பினாள். இடையில் யாரோ விட்டுப்போன குரங்கு வால் ஒன்றுக்கும் அறிவிப்புச் சொன்னாள். யாதொரு சம்பந்தமும் இல்லை என்று முடிக்கும்போது ஒரு நொடி நிறுத்தி, வாலை நன்றாகப் பார்த்து, உண்மைதான் என்று உறுதி செய்துகொண்டு முடித்தாள். நட்டாத்தி வாத்தியாரும் கூட்டத்தோடு கூட்டமாக வந்து, இன்றைக்கு இவள் மனசு இளகியிருக்கும் என்று நம்பி, குடையைக் கேட்டுப் பார்த்தார். மூன்றாவது அடையாளம் கேட்டாள். குடை இன்னும் அங்கேதான் இருக்கிறது.

சாயங்காலம் அவள் நாயைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். இருபத்திரண்டு வருஷத்தில் பஸ் ஸ்டாண்டிலிருந்து அவள் வீட்டுக்குக் கொண்டுபோன முதல் பொருள். வாசலுக்குள் நாய் தாராளமாக நுழைந்தது. கட்டிலுக்கடியில் சாக்கின்மேல் போய் நின்றது, தலை இடித்தது. ஒரு விரல்கடை. தங்கபுஷ்பம் குனிந்து பார்த்தாள், நாய் கட்டிலுக்கடியிலிருந்து அவளைப் பார்த்தது, எதையோ சொல்லிக் கொடுக்க முடியாமல் தவிக்கிற மாதிரி வாசல் பக்கம் பார்த்தது.

வாசலில் பக்கத்து வீட்டுச் சந்தனமாரி சொளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். ஊரில் நடந்ததெல்லாம் அவளுக்கு எப்போதோ வந்து சேர்ந்திருக்கும். ஆனாலும் தன் காதால் கேட்காமல் அவள் எதையும் நம்புகிறவள் இல்லை.

“ஏட்டி தங்கபுஷ்பம், யாரு நாயிட்டி அது?”

“என் நாய்க்கா” என்றாள் அவள்.

கட்டிலுக்கடியில் நாய் எழுந்து, மழையில் நனைந்ததுபோல மூக்கிலிருந்து வால் நுனிவரைக்கும் ஒருமுறை உடம்பைச் சிலுப்பிக்கொண்டு, சரியாக இருக்கிறதா என்று தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, சாக்கில் சுருண்டு படுத்தது. அவள் அடுப்பில் பானையை வைத்தாள்.